பால்வாடியா, மாநகராட்சி எல்கேஜியா? டீச்சரிடம் கேளுங்கள்

வடசென்னையில் 22 வருடம் பால்வாடி டீச்சராக இருந்தேன். தாய்மார்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தண்டையார்பேட்டை: மகளுக்கு இரண்டரை வயது. பால்வாடியா, எல்கேஜிக்குக் காத்திருக்கவா டீச்சர்?

எல்கேஜிக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும். பால்வாடியில் 2 வயதிலேயே எடுத்துக்கொள்வார்கள். இப்போது பால்வாடியில் விடும்மா, வயது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் கட்டணம் கிடையாது.

காசிமேடு: பக்கத்தில் இரண்டு பால்வாடி மையம் இருக்கிறது. எது நல்லது என்று எப்படித் தெரியும் அக்கா?

சுவரில் வரைந்த படங்களைப் பார்த்து முடிவு செய்யாதே. பதினோரு மணி வாக்கில், சொல்லாமல் போய் வாசலில் பத்து நிமிடம் நில். பிள்ளைகள் பேசுகிற சத்தம் கேட்க வேண்டும். கைகட்டி, வாய்பொத்தி உட்கார்ந்திருந்தால் எனக்குப் பிடிக்காது. என்னிடம் ஒரு பையன் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஆயாம்மா பூண்டு உரிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் “இது பூண்டு, இது தோலு” என்று தானாகப் பிரித்து வைத்தான். அவனை விரட்டாமல் உட்கார விட்டாரே, அப்படி ஒரு ஆயாம்மா இருக்கிற மையத்தைத் தேடு.

அப்புறம் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார். மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்றும் கேள்.

வியாசர்பாடி: பால்வாடியில் எழுத்தே சொல்லித் தருவதில்லை, பாட்டும் விளையாட்டும்தானே?

அதுதான் பாடம். பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. மூன்று வயது விரலுக்குப் பென்சில் பிடிக்க வலு போதாது. களிமண் உருட்டி, மணி கோர்த்துத்தான் அந்த வலு வரும்.

ராயபுரம்: சாப்பாடு எப்படி?

பால்வாடியில் மதியம் சூடாகச் சாதம், வாரம் 3 முட்டை, சத்துமாவும் உண்டு. மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். எல்கேஜி பிள்ளைக்கு வீட்டிலேயே ஊட்டிவிட்டு அனுப்பு.

கொருக்குப்பேட்டை: நல்ல எல்கேஜி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சேர்க்கலாமா?

வேண்டாம்மா. கேட் மூடினால் வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கப்போவது நீ. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் பாதி நாள் அனுப்ப முடியாது. இந்தப் பக்கம் நடந்து போகிற தூரத்தில் இருப்பதை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா.