கோல் போட்ட கோல்கீப்பர்: சிலாவெர்ட் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோல்கீப்பரே கோல் போடுவார் என்கிறான் நண்பன். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம், தம்பி. பராகுவேயின் ஹோசே லூயிஸ் சிலாவெர்ட் 60-க்கும் மேல் போட்டிருக்கிறார். அதில் 8 கோல் தன் நாட்டு அணிக்காக. 1999 நவம்பரில் அர்ஜென்டினா லீகில் ஃபெர்ரோ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி கோல். எனக்குப் பிடித்தது 1996-இல் ரிவர் பிளேட்டுக்கு எதிராக அடித்தது. தன் அணியின் பாதியில் ஃப்ரீ கிக். எதிரணி கீப்பர் பர்கோஸ் கம்பத்தை விட்டு முன்னே நிற்பதைக் கவனித்து, சட்டென்று உதைத்தார். பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போய் விழுந்தது.

கேள்வி: கம்பத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போவது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். ஸ்பெயினில் சரகோசாவுக்கு ஆடியபோது பெனால்டி கோல் போட்டு அவர் கொண்டாடிக்கொண்டிருக்க, எதிரணி ரியல் சொசியேடாட் உடனே ஆட்டத்தைத் தொடங்கி காலி வலையில் அடித்துவிட்டது!

கேள்வி: கிளப் அளவில் பெரிதாக என்ன வென்றார்?

1994 கோபா லிபர்டடோரஸ், அதாவது தென் அமெரிக்க கிளப்களுக்கான பெரிய கோப்பை. அவருடைய வெலெஸ் சார்ஸ்ஃபீல்ட் அர்ஜென்டினா தலைநகர் புவனோஸ் அய்ரஸின் ஓர் ஓரத்துப் பேட்டை கிளப். இறுதியில் எதிரே, முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பையை வென்ற பிரேசிலின் சாவோ பாலோ, அதுவும் அவர்கள் மைதானத்தில். ஆட்டம் பெனால்டி வரை போனது. அதில் சாவோ பாலோவின் பாலின்யா அடித்ததைத் தடுத்தார், தன் முறை வந்ததும் கோலும் போட்டார். அந்த டிசம்பரில் டோக்கியோவில் ஐரோப்பிய சாம்பியன் ஏ.சி. மிலனை 2-0 என வென்றார்கள்.

கேள்வி: பிரேசில் வீரர் ராபர்ட்டோ கார்லோஸ் மீது எச்சில் துப்பியது உண்மையா?

உண்மை, 2001-இல். அவரை எவ்வளவு நேசித்தாலும் அதை நியாயப்படுத்த மாட்டேன். தடையால் 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் போயிற்று. அதே மனிதர்தான் 1999-இல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா சொந்த நாட்டில் நடந்தபோது, அந்தப் பணம் கல்விக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி ஆடாமல் விலகினார்.

கேள்வி: ஒரே ஓர் ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

1998 உலகக் கோப்பை, லான்ஸ் நகரம், பிரான்ஸ் எதிர் பராகுவே. கோல் விழும் காட்சியை மட்டும் பார்க்காதீர்கள், முழு ஆட்டத்தையும் பாருங்கள். குரூப் ஆட்டங்கள் மூன்றிலும் சேர்த்து ஒரே ஒரு கோல் விட்டவர்கள் பராகுவே அணியினர். தோள் காயத்தோடு அவர்களின் தடுப்பு வீரர் கமார்ரா தடுத்துக்கொண்டே இருப்பார்; பின்னால் நின்று சிலாவெர்ட் கத்திக் கத்தி தடுப்பு வரிசையைச் சரிசெய்துகொண்டே இருப்பார். பெனால்டிக்குப் போனால் இவரை எதிர்கொள்ள வேண்டும் என்பது பிரான்ஸுக்குத் தெரியும். கூடுதல் நேரம் முடிய ஆறேழு நிமிடம் இருந்தபோது ட்ரெசெகே தலையால் இறக்கிக் கொடுத்ததை லோரான் பிளான் உள்ளே அடித்தார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடும் அணிக்கே வெற்றி என்பது அப்போதிருந்த தங்க கோல் விதி, ஆட்டம் அங்கேயே முடிந்தது. பராகுவே வீரர்கள் அப்படியே தரையில் சரிந்தார்கள். சிலாவெர்ட் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து எழுப்பிவிட்டார்.