பேய்ப்படம் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டுமா?

கேள்வி: திகில் படங்களை மட்டும் திரையிடும் விழாக்களுக்குச் செலவழித்துப் போவதில் அப்படி என்ன இருக்கிறது? அதே படங்கள் சில மாதங்களில் கைபேசியிலேயே வந்துவிடுகின்றனவே?

இதைக் கேட்டவர் இளைஞராகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் அண்ணனோ மச்சானோ "அதற்கெல்லாமா காசு?" என்று கேட்டிருப்பார். அந்த இடத்தில் பதில் வரவில்லை. ஆகவே அதையே தம் கேள்விபோல இங்கே போட்டிருக்கிறார். நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முடிந்தால் போங்கள். கடன் வாங்கிப் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகக் கீழே வந்து யாரும் எழுத வேண்டாம்.

நான் வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இறங்கும் ஒழுங்கை ஒன்றில். தொண்ணூறுகளில் அந்த ஒழுங்கை முனையில் வீடியோ கடை இருந்தது. கடைக்காரர் பேய்ப்படக் கசெட்டுகளை அடித்தட்டில், பக்திப் படங்களுக்குப் பின்னால் அடுக்கியிருப்பார். கேட்டால் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார். அம்மா கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை மாலைதான் எனக்கு வாய்த்த காட்சி நேரம். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பேன். வாயைப் பொத்திக்கொண்டு பயப்படுவதற்குத்தான் நான் பழகினேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நல்லதா என்று கேட்பீர்கள். நான் இப்போது வங்கிக் கணக்கு வழக்குப் பார்க்கும் சாதாரண மனிதன். யாரையும் கடிப்பதில்லை.

பிறகு சம்பளம் வந்தது. தியேட்டருக்குப் போகத் தொடங்கினேன். கொழும்பில் தியேட்டரில் திகில் படம் பார்ப்பது வேறு வகைத் தண்டனை. ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார், மேலே கதவு தானாகத் திறக்கிறது, அந்த இடத்தில் படத்தை வெட்டி இடைவேளை விடுகிறார்கள். விளக்குகள் எரிகின்றன. ஐஸ்கிறீம் விளம்பரம் ஓடுகிறது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இடைவேளை எதற்கு? இயக்குநர் ஒரு மணி நேரமாகக் கட்டி எழுப்பிய பயம் சோளப்பொரி வரிசையில் கரைந்துபோகிறது. விளக்கு அணைந்த பிறகும் பின்வரிசைக்காரர் தொலைபேசியில், "ஓம், தியேட்டரில்தான் நிற்கிறேன். இல்லை, பேய் இன்னும் வரவில்லை" என்று யாருக்கோ நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கற்பனை செய்து எழுதவில்லை. அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இப்படி இருந்தவனுக்கு 2019 ஜூலையில் கனடாவின் மொன்றியல் நகருக்குப் போகும் வாய்ப்பு வந்தது. அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்பு நீராட்டுச் சடங்கு. விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் குடும்ப நிகழ்வு என்று எழுதினேன், அது முழு உண்மை. ஆனால் அதே ஜூலையில் அதே ஊரில் ஃபன்டேசியா விழா நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 1996இல் ஹொங்கொங், ஜப்பான் படங்களைப் பிடிவாதமாகக் கொண்டுவந்து காட்டத் தொடங்கிய விழா அது. இப்போது கோடையில் ஏறக்குறைய மூன்று வாரங்கள் நடக்கிறது. திகில், அறிவியல் புனைவு, குங்ஃபூ, எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத கிறுக்குப் படங்கள் என்று எல்லாம் வரும். தலையாய விருதின் பெயரே 'கறுப்புக் குதிரை'. பள்ளிக் காலத்திலிருந்து இணையத்தில் அதன் நிகழ்ச்சி நிரலைப் படித்து ஏங்கியிருக்கிறேன்.

மேலே போகுமுன் இதைக் கொட்டித் தீர்க்க வேண்டும். கொழும்பிலிருந்து ஒருவர் கனடா போகிறார் என்ற செய்தி ஒரே இரவில் யாழ்ப்பாணம் வரை போய்விடுகிறது. மறுநாளே பொதிகள் வரத் தொடங்கும். மிளகாய்த்தூள், ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, மோர்மிளகாய், யாருடையதோ சட்டைத் துணி. "சின்னப் பொதிதான் தம்பி" என்பார்கள். சின்னப் பொதி என்று வந்த எதுவும் கையில் தூக்கும் பாரமாக இருந்ததில்லை. எனக்குக் கிடைத்த பெட்டி 23 கிலோ. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிறுத்துப் பார்த்தபோது பாரம் கூடிப்போய், நான் எடுத்து வெளியே வைத்தது என்னுடைய சப்பாத்தை. முகமே தெரியாத ஒருவரின் சித்தப்பாவுக்கான கருவாடு பத்திரமாகப் பறந்தது. ஏன் மறுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஊரில் உறவினர் இல்லை என்று நினைக்கிறேன். அங்கே தூள் விற்கும் தமிழ்க் கடைகள் இல்லையா? அக்கா வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. போய் எண்ணிப் பார்த்தேன், எங்கள் ஒழுங்கையில் இருப்பதைவிட அதிகம். சரி, இது வேறு கதை.

சாமத்திய வீடு முடிந்த மறுநாள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "சடங்கு நடந்த வீட்டிலிருந்து பேய் பார்க்கவா போகிறாய்?" என்றாள். அத்தான் மட்டும், "போகட்டும், இங்கே இருந்தால் ஆட்கள் வந்து கலியாணப் பேச்சு எடுப்பார்கள், அது இன்னும் பயங்கரம்" என்று என்னைக் காப்பாற்றினார். அக்காவின் மூத்த மகனைத் துணைக்கு அனுப்பினார்கள். அவன் அங்கேயே பிறந்தவன், தமிழில் தொடங்கிய வசனத்தைப் பிரெஞ்சில் முடிப்பவன். மெட்ரோவில் அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, உங்களுக்குப் பூனைபோலக் கத்தத் தெரியுமா?"

காரணம் பிறகு புரிந்தது. விழா நடப்பது நகர நடுவில் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில். வெளியே நடைபாதை நெடுக வரிசை வளைந்து நின்றது. உள்ளே நூற்றுக்கணக்கானோர். விளக்குகள் மங்கியதும் எங்கிருந்தோ மெல்லிய 'மியாவ்' ஒன்று எழுந்தது. இன்னொரு மூலையிலிருந்து பதில் மியாவ். அப்புறம் அரங்கு முழுவதும். நரைத்த தாடிக்காரர், கழுத்துப்பட்டி கட்டி அலுவலகத்திலிருந்து நேரே வந்தவர், கைகோத்திருந்த இளஞ்சோடி, எல்லாரும் பூனையாகிவிட்டார்கள். அது அந்த விழாவின் வழக்கம். என் மருமகன் வெட்கமில்லாமல் கத்தினான். நான் முதல் நாள் கத்தவில்லை. அடுத்த நாள் கத்தினேன்.

படம் தொடங்கியதும் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். ஒரு கைபேசி வெளிச்சமும் இல்லை. இடைவேளையும் இல்லை. சரியான இடத்தில் அரங்கே ஒன்றாகத் துள்ளியது, துள்ளிய வெட்கத்தில் ஒன்றாகச் சிரித்தது. திரையில் யாராவது தனியாக நிலவறைக்குள் இறங்கினால் பெருமூச்சு விட்டார்கள். நல்ல கொலை ஒன்று விழுந்தால் கைதட்டினார்கள். ஆம், கொலைக்குக் கைதட்டினார்கள். கையால் செய்த முகமூடியும் பசையும் குழாயும் வைத்து அந்தக் காட்சியை எடுத்த கலைஞருக்கான கைதட்டல் அது. தேங்காய் உடைபடுவதற்கும் தலை உடைபடுவதற்கும் வேறுபாடு தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். இதை எத்தனை முறை விளக்கினாலும் என் அலுவலகத்தில் ஒருவருக்கும் புரிவதில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு முதிய அம்மையார் நின்றார். ஓய்வுபெற்ற தாதி. கையில் சிறிய மெத்தை, பையில் இஞ்சி மிட்டாய். எனக்கும் ஒன்று தந்தார். படங்களில் வரும் இரத்தம் பற்றி அவருக்குத் தீராத கோபம். உண்மை இரத்தம் வெளியே வந்ததும் கருக்கத் தொடங்கிவிடும், இவர்கள் விடியும்வரை செக்கச்செவேலென்று ஓடவிடுகிறார்கள் என்றார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: 1960இல் வெளிவந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியை ஹிட்ச்கொக் எடுத்தபோது, கறுப்பு வெள்ளைப் படம் என்பதால், இரத்தத்துக்குச் சொக்லேட் பாகைத்தான் ஊற்றினார். வண்ணப் படங்களுக்குச் சோளப்பாகும் சிவப்புச் சாயமும் போதும். "சோளப்பாகுதான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்றார் அவர். முப்பது ஆண்டுகள் சத்திர சிகிச்சைக் கூடத்தில் நின்ற பெண், போலி இரத்தத்தின் நிறத்துக்காக அந்நியன் ஒருவனோடு அரை மணி நேரம் வாதாடினார். கொழும்பில் இந்தப் பேச்சை நான் யாரோடு பேசுவேன்?

இன்னோர் இரவு தென்கிழக்காசியப் படமொன்று. மலாய் நாட்டாரின் பொந்தியானக், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. அவள் வரும்போது ஈழத்தலரிப் பூ மணக்கும் என்பார்கள். அந்த மணத்தைப் பாத்திரங்கள் முகரத் தொடங்கிய கணத்தில் என் கழுத்து மயிர் நின்றது. கொழும்பில் கோயில், விகாரை எங்கும் அந்தப் பூ. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் பூ. அம்மம்மா சொன்ன கொத்திப் பேய் நினைவுக்கு வந்தது. பிள்ளைத்தாய்ச்சியைத் தேடி வருபவள், அதற்காகவே இரும்பும் வேப்பிலையும் பக்கத்தில் வைத்துக் காவல் காத்தார்களாம். படம் முடிந்ததும் இதை மருமகனிடம் சொல்லப்போய், அவன் அதைப் பிரெஞ்சில் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல, நடைபாதையில் சிறு கூட்டமே கூடிவிட்டது. "இதை ஏன் நீங்கள் படமாக எடுக்கவில்லை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்களிடம் கொத்தி இருக்கிறாள், முனி இருக்கிறது, சிங்களவரின் மகசோனா இருக்கிறான். எடுப்பதோ, பேயும் நகைச்சுவை நடிகரும் ஒருவரையொருவர் துரத்தும் படங்களின் நகல்.

இனி, வரப்போகும் பின்னூட்டத்துக்கு முன்கூட்டியே வருகிறேன். "இந்த நாட்டில் நடந்தது போதாதா, திரையிலும் பயம் வேண்டுமா?" இதை என்னிடம் கேட்க உரிமை உள்ளவர் என் அம்மா. 1983 ஜூலையில், தமிழர் மீதான கலவரத்தின்போது, அயலவர் வீட்டு உள்ளறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். "பயத்தைக் காசு கொடுத்து வாங்குவார்களா?" என்று இன்றும் கேட்கிறார். அவரோடு நான் வாதாடுவதில்லை, அவர் இருக்கும்போது அந்தப் படங்களைப் போடுவதுமில்லை. ஆனால் அவருடைய வாயிலிருந்து அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு உபதேசம் செய்பவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவில்லை.

எனக்கும் பயம் தெரியாததல்ல. நான் போனது, இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று மாதங்கூட ஆகாத காலம். ஏப்ரல் 21க்குப் பிறகு கொழும்பில் கூட்டம் சேரும் எந்த இடத்துக்கும் நான் போகவில்லை. கடைக்குள் நுழைந்தாலும் யார் தோளில் என்ன பை என்றுதான் கண் போகும். மொன்றியல் அரங்கிலும் முதலில் வெளியேறும் கதவுகளைத்தான் தேடினேன், அதற்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மருமகன் கேட்டதற்குக் காற்று வரும் என்றேன். விழா முடியும் நாட்களில் நடு வரிசையின் நடுவில் உட்கார்ந்து பூனைபோலக் கத்திக்கொண்டிருந்தேன். திகில் படம் என்னைக் குணமாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கைபேசியில் வந்துவிடுமே என்கிறீர்கள். வரும். சில வருவதேயில்லை என்பது ஒரு பக்கம். வந்தாலும், அந்தக் கையகலத் திரையில் செய்தி வந்து விழும், நீங்கள் நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போவீர்கள், பயமான இடத்தை விரலால் தள்ளிவிடுவீர்கள். பயத்தைத் தள்ளிவிட முடியாத இடத்தில், அதைத் தள்ள விரும்பாத கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் அந்தக் காசு. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இயக்குநரே மேடைக்கு வந்து நிற்பார், கேட்பதைக் கேட்கலாம்.

ரூபாய் 2022இல் கண்ட வீழ்ச்சிக்குப் பிறகு இதையெல்லாம் படிக்கக் கடுப்பாக இருக்கும் என்பது தெரியும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய அந்த ஆண்டில் நானும் போயிருக்க மாட்டேன். விழாவுக்காக மட்டும் பறப்பதென்றால் யோசியுங்கள். உறவினர் இருக்கும் ஊராகப் பார்த்து, அவர்கள் வீட்டு நிகழ்வோடு சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்கள் இல்லாத ஊரா? லண்டனில் உறவினர் இருந்தால் ஓகஸ்டில் ஃபிரைட்ஃபெஸ்ட் இருக்கிறது, 2000இலிருந்து நடக்கிறது. பிரசல்சில் 1983இல் தொடங்கிய விழாவில் பார்வையாளர்கள் படத்தோடு சேர்ந்து கத்துவதற்கே பெயர்போனவர்கள். ஆசியாவுக்குள்ளேயே வேண்டுமென்றால் தென்கொரியாவின் புச்சோன், 1997இலிருந்து. இவற்றில் மூத்தது ஸ்பெயினின் சிட்ஜெஸ், 1968இல் தொடங்கியது, ஒக்டோபரில் கடலோரச் சிற்றூரில் நடக்கும். அங்கே எனக்கு உறவினர் எவரும் இல்லை. யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், மிளகாய்த்தூள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மொன்றியல் போகிறவர்களுக்கு மட்டும்: பெரிய அரங்கில் குளிரூட்டி கடுமையாக வேலை செய்யும், கோடைதானே என்று மெல்லிய சேர்ட்டோடு போகாதீர்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள சிறிய அரங்கில் கூட்டம் குறைவு, எனக்குப் பிடித்த படங்கள் பல அங்கேதான் கிடைத்தன. நள்ளிரவுக் காட்சி என்றால் மெட்ரோவின் கடைசி ரயிலை முன்பே பார்த்து வையுங்கள், தவறவிட்டால் இரவு பஸ்கள் உண்டு. அத்தான்மார் வந்து ஏற்றுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம், அவர்கள் அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள்.