லெவியைச் செலவழித்தால் ஆள் வளர்ந்துவிடுவாரா?

மதிப்பிற்குரிய ஐயா,

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஊழியர்களுள் சிறந்த பத்து விழுக்காட்டினரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவதற்குள், ஊழியர் பயிற்சிக்காக நிறுவனம் செலுத்தும் லெவிப் பணத்தில் அவர்களுக்கு விடுதியில் இரண்டு நாள் வகுப்பு நடத்துமாறு நிர்வாகம் சொல்கிறது. அவர்களை எப்படி அடையாளம் காண்பது? பயிற்சி பெற்றபின் சிங்கப்பூருக்குப் போய்விட்டால்?

வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

இதையேதான் நானும் சில நாள்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பயிற்சி தராவிட்டாலும் சிங்கப்பூருக்குப் போகிறவர் போகத்தான் செய்வார். அந்தக் கவலையை விடுங்கள். ஊழியர்களை வரிசைப்படுத்தித் தரம் பிரிக்கும் முறையை மைக்ரோசாப்டே 2013இல் கைவிட்டது. பக்கத்தில் இருப்பவரை முந்தினால்தான் பிழைப்பு என்றால், யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்?

என்னைச் சினம்கொள்ள வைப்பது அந்த இரண்டு நாள் வகுப்பு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் தொழிற்சாலை, சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகச் செலுத்த வேண்டும் என்பதும், அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பதும் சட்டம். தொழிலாளிக்காக ஒதுக்கிய அந்தப் பணத்தை, ஆண்டு முடிகிறதே என்ற அவசரத்தில் விடுதி அரங்கில் கரைப்பதற்கா நீங்கள் படித்தீர்கள்? தொழில்துறையும் அரசும் கல்வித்துறையும் சேர்ந்து 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அங்கே கற்றுத் திரும்புகிறவரிடம் கற்ற வேலையை உடனே ஒப்படைக்காவிட்டால், அந்தப் படிப்பும் வீண்தான்.

இளமையில் நானும் பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக இருந்தேன். இயந்திரம் நின்றால், எங்கள் ஷிப்டின் மூத்த அண்ணன் தாம் கைவைக்காமல் என்னைத் திறக்கச் சொல்வார்; ஏன் நின்றது என்று நான் காரணம் சொல்லும் வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடவிட மாட்டார். எனக்குத் தெரிந்த தொழில் முழுவதும் அவர் அருகில் நின்ற அந்த நேரங்களில் வந்ததே. அதனால் உற்பத்தி தாமதமாகிறது என்று மேலாளர் அவரைக் கண்டித்தார். ஆண்டு மதிப்பீட்டில் சராசரி என்று எழுதினார். அவர் உருவாக்கிய ஆள்களைக் கணக்கிட அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இன்றும் பெரும்பாலான படிவங்களில் இல்லை, தம்பி. உங்கள் ஷிப்டுகளில் சந்தேகம் வந்தால் எல்லாரும் யாரிடம் போகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது உற்பத்தி இலக்கிலிருந்து விலக்கு வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடுங்கள். யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்ற கேள்வியை மதிப்பீட்டுப் படிவத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.