ஒய் இன்டர்செப்ட் சந்தேகமா? சேலம் டியூஷன் சார்கிட்ட கேளுங்க

சூரமங்கலம், பிளஸ் ஒன்: சார், (3எக்ஸ் − 8)/(எக்ஸ் + 4), இதுக்கு ஒய் இன்டர்செப்ட் எடுக்க ஃபார்முலா இருக்கா?

ஃபார்முலா எல்லாம் எதுக்கு தம்பி. கிராஃப் ஒய் அச்சை வெட்டுற எடத்துல எக்ஸ் 0 தானே, அதனால எக்ஸ் வர்ற எடத்துலெல்லாம் 0 போடு, மேல −8 கீழ 4 மிஞ்சும், விடை −2. புள்ளி (0, −2). மேல இருக்கறத 0க்கு சமன்படுத்துறது எக்ஸ் இன்டர்செப்ட்டுக்கு, பரீட்சை ஹால்ல நெறைய பேரு ரெண்டையும் மாத்திப் போட்டுடறாங்க.

ஓமலூர்: எனக்கு 0/7 வருது சார். இன்டர்செப்ட் இல்லைன்னு எழுதிடவா?

எழுதிடாத! 0/7ன்னா 0, கிராஃப் ஆதிப்புள்ளி வழியா போகுது. 7/0 மாதிரி கீழ 0 வந்தா தான் இல்லை.

அம்மாபேட்டை, பிளஸ் டூ: (எக்ஸ்² + 5எக்ஸ்)/எக்ஸ். அடிச்சா எக்ஸ் + 5, அதனால 5ன்னு போட்டேன், போன்ல வரைஞ்சாலும் 5ல தான் வெட்டுது, ஆனா மிஸ் தப்புன்னு சுழிச்சிட்டாங்க.

மிஸ் சுழிச்சது சரி தான் கண்ணு. அடிக்கறதுக்கு முன்னாடி கீழ எக்ஸ் இருந்துச்சுல்ல, 0ஆல வகுக்க முடியாதுங்கறதால எக்ஸ் 0ல இந்த ஃபங்ஷனுக்கு மதிப்பே கெடையாது, நீ அடிச்சதும் அது கண்ணுக்கு மறைஞ்சுதே தவிர எங்கயும் போயிடலை. 0.001 போட்டுப் பாரு, 5.001 வரும். −0.001 போட்டா 4.999. ரெண்டு பக்கமும் 5ஐ ஒட்டி வருது, அதனால லிமிட் 5, ஆனா சரியா (0, 5)ல ஒரு துளை. புள்ளிக்கு அகலமே இல்லையே, போன் ஸ்கிரீன்ல எப்படித் தெரியும்? "ஒய் வெட்டுத்துண்டு இல்லை, (0, 5)இல் துளை"ன்னு எழுது. என்னைக் கேட்டா, கீழ 0 ஆகுதான்னு பாத்துட்டு அப்புறமா தான் அடிக்கவே பேனாவ எடுக்கணும்.

அஸ்தம்பட்டி, ஒரு அப்பா: ஏற்காடு போக வேன் வாடகை 4000, சாப்பாடு ஆளுக்கு 150, தலைக்கு (4000 + 150எக்ஸ்)/எக்ஸ். பொண்ணு ஒய் இன்டர்செப்ட் 4150ங்கறா, சரிங்களா?

இல்லீங்க, 4150 ஒரே ஆளு போனா ஆகுற செலவு, அங்க எக்ஸ் 1. எக்ஸ் 0ன்னா வேன்ல யாருமே ஏறலை, தலைக்கு எவ்ளோன்னு பிரிக்கத் தலையே இல்லீங்களே! இங்க துளையும் கெடையாது, ஏன்னா மேல 4000 அப்படியே நிக்குது, அதனால எக்ஸ் 0கிட்ட வர வர கோடு ஒய் அச்சை ஒட்டி ஏறிட்டே போகும், தொடாது. ஒய் அச்சு தான் இதுக்கு செங்குத்துத் தொலைத்தொடுகோடு. ஆளு சேர சேர செலவு 150ஐ நெருங்கி எறங்கும். மலைப்பாதைல கொண்டை ஊசி வளைவு 20, ஆளும் 20ன்னு வெச்சுக்கங்க, தலைக்கு 350.

ஆத்தூர்: ஒய் அச்சை ரெண்டு தடவ வெட்டுமா?

வெட்டாது. ஃபங்ஷன்னா எக்ஸ் 0க்கு ஒரு விடைக்கு மேல வராது.

மேட்டூர்: (எக்ஸ் − 1)(எக்ஸ் + 4) / (எக்ஸ் − 2)(எக்ஸ் + 1), பெருக்கி விரிச்சுட்டு தான் போடணுமா?

எதுக்கு வீண் வேலை, அப்படியே போடுப்பா. மேல (−1)(4), கீழ (−2)(1), அதாவது −4/−2, விடை 2. மைனஸ்ல ஒண்ணை மட்டும் முழுங்கிட்டு −2ன்னு எழுதி வெக்காத.