கட்டுச்சோற்றை எப்போது கட்டுவது?

அன்புள்ள ஐயா,

மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது ஒரு சந்தேகம். செத்த உடனே தனித்தீர்வை நடந்துவிடுகிறது என்றால் உலக முடிவில் பொதுத்தீர்வை எதற்கு? தீர்ப்புச் சொன்ன வழக்கை மறுபடி எடுத்து விசாரிப்பது போல இருக்கிறதே. அப்பா (78) மூன்று மாதமாகப் படுக்கையில் இருப்பதால் இதெல்லாம் மனதில் ஓடுகிறது. கல்லீரலில் புற்றுநோய், பரவிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. ஜெபமாலையை மட்டும் கையிலிருந்து விடமாட்டார். சாமியாரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார் என்று கடைசி நேரத்துக்கு விட்டுவைத்திருக்கிறோம். சித்தப்பாவுக்கும் அவருக்கும் 12 வருடமாகப் பேச்சில்லை, அதுவும் ஒரு பாரம். மைத்துனர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். எண்ணெய் பூசுவதெல்லாம் மனிதர் ஏற்படுத்தியது என்கிறார்.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

கல்லறைத் திருநாள் வந்தால் போதும், சுண்ணாம்பு வாளியும் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்திக் கட்டுமாகக் குடும்பமே திரண்டு போகிறது. உள்ளே படுத்திருப்பவர் கடைசி நன்மை (சாகுமுன் வாங்கும் நற்கருணை அப்பம்) வாங்கிப் போனாரா என்று கேட்டுப்பாருங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் வந்து மாட்டியது.

முதலில் தீர்வை. நீங்கள் குழம்பியதில் தப்பில்லை, ஒரு போப்பாண்டவரே இதில் குழம்பியிருக்கிறார். ரோமில் இல்லாமல் பிரான்ஸ் பக்கம் அவிஞ்ஞோனில் இருந்த 22ஆம் யோவான், 1331இல் சகல புனிதர் திருநாளில் தொடங்கிச் சில பிரசங்கங்கள் செய்தார். நல்ல ஆத்துமாக்கள்கூடப் பொதுத்தீர்வை வரைக்கும் கடவுளை முகமுகமாய்ப் பார்ப்பதில்லை என்று சொன்னார். பாரிஸ் வேதசாஸ்திரிகள் கொதித்துவிட்டார்கள். 1334 டிசம்பர் 3ஆம் தேதி, சாகக்கிடந்த நிலையில், கர்தினால்மார் முன்னிலையில் அதை வாபஸ் வாங்கினார். மறுநாள் இறந்தார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் விஷயத்தை முடித்துவைத்தார்: இறந்த உடனே அவரவர் நிலை தீர்மானமாகிவிடும், ஆனாலும் கடைசி நாளில் எல்லாரும் உடலோடு தீர்வைக்கு நிற்பார்கள்.

அந்த இரண்டாவது எதற்கு என்பதற்குத் தாமஸ் அக்வினாஸ் சொன்ன காரணம் எனக்குப் போதும். மனிதன் செத்தாலும் அவன் செய்தது சாவதில்லை. இயேசு பிதாவுக்குச் சமமான கடவுள் இல்லை என்று ஆரியுஸ் பரப்பிய தப்பறை அவனுக்குப் பின்னும் ஆட்களைக் கெடுத்தது, அப்போஸ்தலர்களின் பிரசங்கம் இன்னும் விசுவாசத்தை வளர்க்கிறது. வரவும் செலவும் ஓடிக்கொண்டிருக்கும்போது பேரேட்டை எப்படி மூடுவது? தீர்ப்பு மாறப்போவதில்லை, அதன் நியாயம் அன்றைக்கு எல்லாருக்கும் வெளிச்சமாகும். மீதியை மத்தேயு 25இல் படித்துக்கொள்ளுங்கள்.

இனி என் வழக்கு. 'கடைசி நேரத்துக்கு விட்டுவைத்திருக்கிறோம்' என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! அது எந்த நேரம் என்று யாராவது யோசித்தீர்களா? கல்லீரல் கெட்டவருக்குக் கடைசி நாட்களில் பெரும்பாலும் தெளிவு இருக்காது. பகலில் தூக்கம், இரவில் பிதற்றல், ஆளையே அடையாளம் தெரியாது. அதோடு விழுங்கும் திறனும் போகும். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தெளிவு வேண்டும். நன்மை வாங்க விழுங்க முடிய வேண்டும். சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் பூசுதலை நினைவில்லாதவருக்கும் கொடுக்கலாம். ஆக, தள்ளிப்போடத் தள்ளிப்போட அவராகச் செய்ய வேண்டியவை போய்விடும், அவருக்கு மற்றவர் செய்வது மட்டும் மிஞ்சும். உயிர் போன பிறகு சாமியார் வந்தால் அதுவும் கிடையாது, செபம்தான் சொல்லுவார். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் பூசலாம்.

இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் ஒரு சொல். 'அவஸ்தைப் பூசுதல்' என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தார்கள். மரண அவஸ்தையில் கிடப்பவருக்கு என்று பெயரிலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது, பிறகு எந்த வீட்டில் தைரியமாகக் கூப்பிடுவார்கள்? ஐரோப்பாவிலும் இதே கூத்துதான். இடைக்காலத்தில், பூசுதல் பெற்றுப் பிழைத்தவன் மனைவியோடு சேரக்கூடாது, இறைச்சி தின்னக்கூடாது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று ஊர் நம்பியது. இந்தத் தண்டனைக்குப் பயந்தே ஜனங்கள் சாமியாரைக் கூப்பிடாமல் இருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், 'நோயில்பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர், சாகும் தறுவாயில் உள்ளவருக்கு மட்டுமான அருட்சாதனம் இல்லை என்று சொன்னது. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கினாலே நேரம் வந்துவிட்டது. நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். உங்கள் அப்பாவுக்கு அந்த நேரம் மூன்று மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது, தம்பி.

வரிசையும் அப்போதுதான் திருத்தப்பட்டது. 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூல்படி பாவசங்கீர்த்தனம், நன்மை, அதன் பிறகு பூசுதல். எண்ணெய் கடைசியில் நின்றதால் எண்ணெய் என்றாலே சாவு என்று ஆனது. சங்கம் அதை மாற்றியது: பாவசங்கீர்த்தனம், பூசுதல், கடைசியாக நன்மை. சாகிறவருக்கு உரிய அருட்சாதனம் அந்த நன்மைதான். அதன் லத்தீன் பெயருக்கு வழிச்செலவு, பயண உணவு என்று பொருள். நம் ஊர்ச் சொல்லில் கட்டுச்சோறு. வண்டி புறப்பட்டு ஊர் எல்லை தாண்டிய பிறகு சோற்றுப் பொட்டலத்தோடு பின்னால் ஓடுகிறவர்களை என்ன சொல்வது?

பயந்துவிடுவாராம்! ஒரு ஜெபமாலையில் 53 அருள்நிறை மரியே. ஒவ்வொன்றும் 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று முடிகிறது. தினம் ஒரு மாலை என்று வைத்தாலும் வருடத்துக்கு 19,345 தடவை தன் மரண நேரத்தைத் தன் வாயாலேயே சொல்லிவருகிற மனிதர் அவர். அவருக்கு நீங்கள் மறைக்கிறீர்கள். எடுத்த எடுப்பில் 'அவஸ்தை கொடுக்கட்டுமா' என்று கேட்க வேண்டாம். 'முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவருகிறார்கள், உங்களுக்கும் வரச் சொல்லட்டுமா' என்று ஆரம்பியுங்கள். எனக்கு என்ன வியாதி என்று அவரே கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

சாமியார் வரும் நாளுக்குச் செய்ய வேண்டியவை. வலி மருந்து கொடுத்த உடன் மயக்கமாக இருக்கும். எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்று இரண்டு நாள் பார்த்துவைத்து, அந்த நேரத்தைச் சாமியாரிடம் சொல்லுங்கள். அதற்காக மருந்தை நிறுத்தி வலியில் துடிக்கவிட வேண்டாம், திருச்சபை அப்படிக் கேட்கவில்லை. காது மெஷின் இருந்தால் மாட்டிவிடுங்கள். பல்செட்டையும் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் பேச்சு குழறினால் சங்கீர்த்தனம் சாமியாருக்குப் புரியாது. கட்டிலருகே சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), தீர்த்தம், ஒரு டம்ளர் தண்ணீர், கரண்டி, சாமியார் விரல் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு. மெழுகுவர்த்தி இரண்டு வைப்பது வழக்கம். ஆனால் ஆக்சிஜன் ஓடும் அறையில் தீக்குச்சியே உரசாதீர்கள்.

சங்கீர்த்தனம் தொடங்கும்போது எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும், மகன், மருமகள், நர்ஸ் எல்லாரும். அப்பாவுக்குக் காது மந்தம் என்றால் சாமியார் சத்தமாகப் பேசுவார், அதனால் கதவுக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள். பேச முடியாவிட்டால் சாமியார் கேட்க அவர் தலையாட்டினாலோ கையை அழுத்தினாலோ போதும். பிறகு எல்லாரும் உள்ளே வரலாம். சாமியார் தலைமேல் கைவைத்து மௌனமாகச் செபிப்பார், நெற்றியிலும் கைகளிலும் பூசுவார். 1972க்கு முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று போகும். கையில் ஊசிக்கட்டு இருந்தால் வேறு இடத்தில் பூசலாம், அவசரத்தில் நெற்றியில் ஒரு தடவையே போதும். சாகும் நேரத்துக்குரிய பரிபூரண பலன் ஒன்று உண்டு, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சும் தண்டனையையும் நீக்குவது அது. அவசரத்தில் சாமியாருக்கே மறந்துபோகலாம், நீங்கள் கேளுங்கள். அப்பத்தில் ஒரு துணுக்கு போதும், கூடவே ஒரு கரண்டித் தண்ணீர். அதுவும் இறங்காது என்றால் பூசையில் எழுந்தேற்றிய திராட்சை இரசத்தின் வடிவில் சில சொட்டு கொடுக்கலாம். ஆனால் அதைப் பூசையிலிருந்து மூடிய பாத்திரத்தில் எடுத்து வர வேண்டும், கதவைத் தட்டும்போது சொன்னால் நடக்காது.

மைத்துனரை யாக்கோபு 5:14 வாசிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் அதிலேயே இருக்கிறது. அவரோடு வாதம் செய்ய இது நேரமில்லை.

சித்தப்பா விஷயத்தைப் 'பாரம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். தனித்தீர்வைக்கு அப்பா கொண்டுபோகப்போகும் பெரிய சுமை அதுவாகத்தான் இருக்கும். சாமியார் வருவதற்கு முன்னால் சித்தப்பா வரட்டும். தனியாக வரட்டும். சித்தியும் பிள்ளைகளும் கூட வந்தால் பழைய வரப்புக் கணக்கு எழும்பும். யார் சரி, யார் தப்பு என்று பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி ஊட்டினாலே பாதி முடிந்துவிடும். அப்பா யாருக்காவது எதையாவது திருப்பித் தர வேண்டியிருந்தால் ஒரு தாளில் எழுதிவாங்கி நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் மனசு இல்லாமல், பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபம் முழுமையாகாது. உயில் எழுதுவதானால் வேறு நாளில் எழுதுங்கள், சாமியார் வரும் நாளில் பத்திரக் காகிதம் கட்டிலில் கிடக்கக்கூடாது. சாட்சிகள் இரண்டு பேரும் வெளியாட்களாக இருக்கட்டும். நம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கு செல்லாது.

இன்று இரவு அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இருமாமல் விழுங்குகிறாரா, கடைவாயில் வழிகிறதா? வழிந்தால் நாளைக் காலைப் பூசை தொடங்குவதற்கு முன்பே சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும்.