லினக்ஸ் அல்லாத சிஸ்டங்களில் எமுலேட்டர் பேக்கேஜ் செய்வது: கேள்வி பதில்

ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஹைக்கு என்று அதிகம் பேர் பயன்படுத்தாத ஓஎஸ்களுக்குப் பழைய கணினி, வீடியோ கேம் எமுலேட்டர்களை (ஒரு மெஷினை இன்னொரு கணினியில் போலச் செய்து காட்டும் மென்பொருள்கள்) பேக்கேஜ் செய்து பராமரிப்பது என் ஓய்வுநேர வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, சோர்ஸ் கோட் கையில் இருக்கிறது. நானே கம்பைல் செய்து ஓட்டிக்கொள்கிறேன். பேக்கேஜ் எதற்கு?

உங்கள் மெஷின் ஒன்றுக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. பேக்கேஜ் என்பது, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் ஒரு பில்ட் சர்வர் அதே பைனரியைக் கட்டுவதற்கான குறிப்பு. எந்த வெர்ஷன், எங்கிருந்து இறக்குவது, எந்த லைப்ரரிகள் வேண்டும், எந்தெந்த ஃபைல் எங்கே போய் உட்காரும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஃபைல் பட்டியல் சரியாக இருந்தால்தான் நீக்கும்போது மிச்சம் மீதி இல்லாமல் நீங்கும்.

கேள்வி: முதல் முயற்சிக்கு எந்த எமுலேட்டரை எடுக்கலாம்?

ஹட்டாரி. அட்டாரி எஸ்டி கணினிக்கான எமுலேட்டர். சி மொழியில் எழுதியது, சிமேக் என்ற பில்ட் கருவி வைத்துக் கட்டுவது, திரைக்கும் ஒலிக்கும் எஸ்டிஎல் என்ற லைப்ரரி போதும். எமுடாஸ் என்ற கட்டற்ற ரோம் (மெஷின் சிப்பிலேயே பதிந்து வரும் மென்பொருள்) கிடைப்பதால், அட்டாரியின் சொந்த ரோமைத் தேடாமல் ஓட்டிப் பார்க்கலாம். மேம் (ஆர்கேட் கேம்களுக்குப் பேர்போன பெரிய எமுலேட்டர்) பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதை ஒரு முறை கட்டுவதற்குள் பொழுது போய்விடும், மெமரியும் தீர்ந்துவிடும்.

கேள்வி: லினக்ஸில் ஒரு குறையும் இல்லாமல் கம்பைல் ஆகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது. ஏன்?

பல ப்ராஜெக்ட்களின் சிமேக் ஃபைலைத் திறந்து பாருங்கள். விண்டோஸா, மேக்கா, இரண்டும் இல்லையென்றால் லினக்ஸ். முக்கால்வாசித் தொல்லை இங்கிருந்துதான் கிளம்புகிறது. எல்லா பிஎஸ்டியிலும் இருக்கும் என்று நம்ப முடியாத பைட்ஸ்வாப் ஹெடர், பிஎஸ்டியில் தனியாக இல்லாத அலோகா ஹெடர், /bin டைரக்டரியிலேயே பாஷ் ஷெல் இருக்கும் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், ஜிமேக் (ஜிஎன்யூவின் பில்ட் கருவி) வேண்டிய இடத்தில் பிஎஸ்டியின் வெறும் மேக் (make). இவை பழகிய முகங்கள், சீக்கிரம் சரியாகிவிடும்.

கொஞ்சம் தந்திரமானது ஒன்று உண்டு. தன் பைனரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சில எமுலேட்டர்கள் லினக்ஸின் ப்ராக் (/proc) டைரக்டரிக்குள் எட்டிப் பார்க்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அதை சிஸ்கண்ட்ரோல் (sysctl) என்ற அழைப்பு வழியாகக் கேட்க வேண்டும். ஓபன்பிஎஸ்டியில் கேட்க வழியே கிடையாது. அங்கே டேட்டா டைரக்டரியின் பாதையைக் கம்பைல் செய்யும்போதே உள்ளே எழுதிவிடுவதுதான் ஒழுங்கான வழி.

கேள்வி: ஓபன்பிஎஸ்டியில் கம்பைல் ஆகிவிட்டது. ஓட்டினால் உடனே விழுகிறது. ஜிட்டை அணைத்தால் ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்.

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜிட் உள்ள எமுலேட்டர், பழைய ப்ராசஸரின் கட்டளைகளை உங்கள் ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றி மெமரியில் எழுதி, அங்கேயே ஓட்டுகிறது. அதாவது ஒரே மெமரிப் பக்கம் எழுதவும் வேண்டும், இயங்கவும் வேண்டும். பாதுகாப்புக்காக அதைத் தடுப்பதுதான் 'டபிள்யூ எக்ஸார் எக்ஸ்' (W^X: எழுதும் அனுமதி அல்லது இயங்கும் அனுமதி, இரண்டில் ஒன்றுதான்) விதி. 2016-இல் வந்த 6.0 வெளியீட்டிலிருந்து ஓபன்பிஎஸ்டி இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

விலக்கு பெற இரண்டு நிபந்தனைகள், இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். பைனரியில் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) ஒரு முத்திரை குத்தியிருக்க வேண்டும். அந்த பைனரி இருக்கும் ஃபைல் சிஸ்டம் 'டபிள்யூஎக்ஸ்-அலவுட்' என்ற ஆப்ஷனுடன் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். போர்ட்டின் (ஓபன்பிஎஸ்டியில் பேக்கேஜ் கட்டும் குறிப்பு) மேக்ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் முத்திரை விழுந்துவிடும். பேக்கேஜ்கள் போய் உட்காரும் லோக்கல் பார்ட்டிஷனுக்கு அந்த ஆப்ஷனை இன்ஸ்டாலரே போட்டுவிடுகிறது. ஹோம் டைரக்டரிக்குப் போடாது. பைனரியை ஹோமுக்கு நகலெடுத்து ஓட்டிவிட்டு 'உங்கள் பேக்கேஜ் உடைந்திருக்கிறது' என்று எழுதுபவர்கள் இதைப் படிக்கட்டும்.

விலக்கு வாங்குவது சுலபம், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம்தான். எமுலேட்டரையே திருத்துவது மேல்: எழுதும்போது எழுத மட்டும் அனுமதி, முடித்ததும் அதை எடுத்துவிட்டு இயங்க மட்டும் அனுமதி. அடிக்கடி மாற்றினால் வேகம் கொஞ்சம் குறையும். முன்பு இதைக் கேட்டால் மூல ஆசிரியர்கள் காது கொடுக்க மாட்டார்கள். 2020-இல் ஆப்பிள் தன் சொந்த சிப் மேக்குகளைக் கொண்டுவந்து அங்கேயும் இதே விதியைப் போட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. மேக்குக்காக அனுமதியை மாற்றும் இடங்கள் இப்போது பல எமுலேட்டர்களின் கோடில் தயாராகவே இருக்கின்றன. அதே இடங்களில் நமக்கு வேண்டிய அழைப்பைச் செருகினால் போதும். ஆப்பிளுக்கு நன்றி சொல்லும் வாய்ப்பு எனக்கு அபூர்வம்!

நெட்பிஎஸ்டியில் இந்த வித்தை செல்லாது. அங்கே பேக்ஸ் எம்ப்ரொடெக்ட் என்ற பாதுகாப்பு இன்னும் கறாரானது: எழுதக்கூடியதாக வாங்கிய பக்கத்தைப் பின்னால் இயங்கக்கூடியதாக மாற்ற சாதாரணமாக விடாது. ஒரே மெமரியை இரண்டு முகவரிகளில் மேப் செய்து, ஒன்றில் எழுதி மற்றொன்றில் ஓட்ட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், இந்த பைனரிக்கு விலக்கு வேண்டும் என்று நெட்பிஎஸ்டியின் பேக்கேஜ் தொகுப்பான பிகேஜிசோர்ஸின் மேக்ஃபைலில் ஒரு வரி.

கேள்வி: மேடம், ஹைக்குவில் என் எமுலேட்டர் ஓடுகிறது, ஆனால் செட்டிங்ஸ் எதுவும் சேமிக்கப்படவில்லை.

பைனரிக்குப் பக்கத்திலேயே கான்ஃபிக் ஃபைலை எழுதப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஹைக்குவில் பேக்கேஜைப் பிரித்துப் பரப்புவதில்லை. ஹெச்பிகேஜி ஃபைலை அப்படியே மவுண்ட் செய்கிறார்கள். அதனால் அதற்குள் இருப்பது எல்லாம் படிக்க மட்டும். ஹோமுக்குள் செட்டிங்ஸுக்கென்று தனி டைரக்டரி இருக்கிறது. அதன் பாதையை நீங்களாக எழுதி வைக்காமல் ஓஎஸ்ஸிடமே கேட்டு வாங்குங்கள், அதற்கு ஃபங்ஷன் உண்டு. அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள்: கணித ஃபங்ஷன்கள் மூல லைப்ரரியிலேயே இருப்பதால் தனி கணித லைப்ரரியை லிங்க் செய்யச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள், சாக்கெட்டுகள் நெட்வொர்க் லைப்ரரியில் இருப்பதால் அதைச் சேருங்கள்.

கேள்வி: போன மாதம் சரியாக இருந்த செக்சம் (இறக்கிய ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) இப்போது பொருந்தவில்லை. யாராவது ஃபைலை மாற்றிவிட்டார்களா?

அப்படியும் இருக்கலாம், அதனால் கண்ணை மூடிக்கொண்டு புதிய செக்சமைப் போட்டுவிடாதீர்கள். பழைய ஃபைல் இருந்தால் இரண்டையும் பிரித்து ஒப்பிடுங்கள். 2023 ஜனவரியில் கிட்ஹப்பில் இப்படி ஒரு கூத்து நடந்தது. கிட் மென்பொருள் ஃபைல்களை ஜிஜிப்பாகச் சுருக்கும் முறை மாறியதால், உள்ளே இருந்த கோட் ஒரு எழுத்துகூட மாறாமலேயே தானாக உருவாகும் ஆர்க்கைவ்களின் செக்சம் மாறிப்போனது. உலகம் முழுக்க பில்ட்கள் உடைந்து, கிட்ஹப் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. மூல ஆசிரியர் தானே கட்டி ஏற்றிய ரிலீஸ் ஃபைல் இருந்தால் அதையே எடுங்கள். தானாக உருவாகும் ஆர்க்கைவில் சப்மாட்யூல்களும் (உள்ளே இணைத்திருக்கும் வேறு ப்ராஜெக்ட்களின் கோட்) வராது.

கேள்வி: எனக்கு ஓடுகிறது, பேக்கேஜை நிறுவிய நண்பருக்கு 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழுகிறது.

கம்பைலர் ஆப்ஷன்களில் 'மார்ச் நேட்டிவ்' (-march=native) இருக்கிறதா என்று தேடி, இருந்தால் எடுங்கள். கட்டிய மெஷினின் ப்ராசஸருக்கு மட்டும் பொருந்தும் பைனரியை அது உருவாக்கும். வேகத்துக்காக எமுலேட்டர்காரர்கள் இதை விரும்பிச் சேர்க்கிறார்கள்.

கேள்வி: பயாஸையும் (பழைய மெஷினின் தொடக்க மென்பொருள்) கேம் ரோமையும் பேக்கேஜிலேயே சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் வசதிதானே?

கூடாது. அவற்றுக்கு வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நிறுவிய பிறகு வரும் அறிவிப்பில், பயனர் தன் ஃபைலை எந்த டைரக்டரியில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

எமுலேட்டரின் உரிமத்தையும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் படிக்க வேண்டும். மேம் பல வருடங்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுத்த உரிமத்தில் இருந்து 2016-இல்தான் கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. ப்ளேஸ்டேஷன் எமுலேட்டரான டக்ஸ்டேஷன் 2024-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்திலிருந்து எதிர்த்திசையில் போனது. திருத்திய வடிவத்தை விநியோகிக்கக் கூடாது என்று உரிமம் சொன்னால், பேட்ச் (சோர்ஸில் செய்யும் சிறு திருத்தம்) போட்டுப் பிழைக்கும் நம் மாதிரி ஆட்கள் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். 2024 மார்ச்சில் நிண்டெண்டோவுடன் 24 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனபோது யூசு என்ற நிண்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரின் சோர்ஸும் இணையதளமும் போயின. சோர்ஸ் முகவரி செத்துவிட்டால் பேக்கேஜும் இல்லை.

கேள்வி: பேட்ச்சை மூல ஆசிரியருக்கு அனுப்பினால், 'இந்த ஓஎஸ்ஸை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?' என்று கேட்டு மூடிவிடுகிறார்.

அவர் கேட்பது நியாயம்தான், தம்பி. தன்னால் ஓட்டிப் பார்க்க முடியாத கோடை அவர் ஏன் சுமக்க வேண்டும்? ஓஎஸ் பெயரே இல்லாமல் பேட்ச் எழுதப் பாருங்கள். 'ஓபன்பிஎஸ்டி என்றால்' என்று எழுதுவதற்குப் பதில், 'இந்த ஹெடர் இருக்கிறதா' என்று சோதிக்கும்படி எழுதினால் அது எல்லோருக்கும் பயன்படும் திருத்தமாகிவிடும், ஏற்றுக்கொள்ளவும் தயங்க மாட்டார். ஒரு பேட்ச்சில் ஒரு விஷயம் மட்டும். அவருடைய தானியங்கிச் சோதனைக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்து நம் ஓஎஸ்ஸில் கட்டிக் காட்டினால் இன்னும் நல்லது.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம், உங்கள் பக்கமே தங்கிவிடும் ஒவ்வொரு பேட்ச்சையும் அடுத்தடுத்த வெளியீட்டில் நீங்களேதான் மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: அனுப்பும் முன் என்னென்ன சோதிப்பீர்கள்?

சுத்தமான சிஸ்டத்தில், நெட் இணைப்பைத் துண்டித்துக் கட்டிப் பார்ப்பேன். கட்டும் நேரத்தில் எதையாவது இறக்கப் பார்க்கும் ப்ராஜெக்ட்கள் அங்கே மாட்டும். பிறகு பேக்கேஜை நிறுவி, சாதாரண பயனராக ஒரு கேமைக் கொஞ்ச நேரம் ஆடுவேன். ஒலி வருகிறதா, ஜாய்ஸ்டிக் தெரிகிறதா, முழுத்திரையிலிருந்து வெளியே வர முடிகிறதா, சேமித்த ஆட்டம் திரும்பத் திறக்கிறதா. கடைசியாகப் பேக்கேஜை நீக்கிவிட்டு, ஏதாவது ஃபைல் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பேன்.