ஆளாளுக்குச் சத்தத்தை ஏற்றுகிறார்கள்: நண்பர்களின் இசைக்குழுவைக் கலைத்துவிடலாமா?

கேள்வி: மண்டபம் அருகே ஒரு கடலோர ஊரில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்துகிறோம். நான் கிட்டார். மற்ற நால்வர் கீபோர்டு, பேடு (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி), தபலா, பாட்டு. கோவில் திருவிழா, மாதா கோவில் திருநாள், கல்யாண வரவேற்பு என்று வாசிக்கிறோம். ஒத்திகை தொடங்கி அரை மணி நேரத்தில் ஆளாளுக்குச் சத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். பாடுகிறவர் குரல் கேட்பதில்லை. பேடு வாசிப்பவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பாதி நாள் ஒத்திகைக்கு வருவதில்லை. கிட்டார் கம்பி அடிக்கடி துருப்பிடித்து அறுந்துவிடுகிறது. இப்போது கீபோர்டுக்காரர் கருவி தன்னுடையது என்று கூடுதல் பணம் கேட்கிறார். பள்ளிக்கால நண்பர்கள் என்பதால் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல முடியவில்லை. கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்காதீர்கள். மேடைகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். அதற்கு முன் நானும் நண்பர்களோடு ஒரு குழுவில் தபலா வாசித்தேன். அந்தக் குழு இதே சத்தச் சண்டையில்தான் உடைந்தது. யாருக்கும் யார் மேலும் பகை கிடையாது. அவரவர் வாசிப்பு அவரவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். இது எனக்குப் புரிந்த நேரத்தில் குழு இல்லை. ஆகவே முதலில் சத்தம்.

உங்கள் ஆம்பிளிஃபயர் எங்கே இருக்கிறது? தரையில், உங்கள் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைக்கிறேன். கிட்டாரின் கூர்மையான ஒலி நேராகப் பாய்வது. அது உங்கள் கால்களைக் கடந்து எதிரே நிற்பவரை அறைகிறது. உங்கள் காதுக்கு மந்தமாகத்தான் எட்டுகிறது. போதவில்லை என்று நீங்கள் ஏற்றுகிறீர்கள். உடனே கீபோர்டுக்காரருக்குத் தன் ஒலி மறைகிறது, அவரும் ஏற்றுகிறார். பேடு மட்டும் சும்மா இருக்குமா? பெட்டியை ஒரு நாற்காலி மேல் தூக்கி, உங்கள் காதைப் பார்க்கும்படி சற்றுச் சாய்த்து வையுங்கள். யாரும் சொல்லாமலே உங்கள் கை சத்தத்தைக் குறைத்துவிடும். மற்றவர்களின் பெட்டிகளுக்கும் இதைச் செய்யுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஒலி நம் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆம்பிளிஃபயர் 10 மடங்கு சக்தியைத் தள்ள வேண்டும். பாடுகிறவரின் மைக்கை ஏற்றி ஏற்றி உங்கள் நால்வரை வெல்ல முடியாது. அதற்கு முன் ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கிவிடும். முதலில் குரலை மட்டும் வைத்து ஒத்திகை பாருங்கள். அது தெளிவாகக் கேட்கும் அளவில் நிறுத்திக்கொண்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு கருவியாகச் சேருங்கள். குரலுக்கான ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கட்டும். பாடுகிறவர் மைக்கின் உருண்டைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவராக இருந்தால் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்; ஊளைக்குப் பாதிக் காரணம் அந்தப் பிடிதான்.

ஒத்திகை நடக்கும் இடமும் முக்கியம். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் தகரக் கூரை போட்ட வலைக் கொட்டகையாகவோ சிமென்ட் பூசிய வெற்று அறையாகவோ இருக்கும். இரண்டிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும். தடித்த ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். ஒட்டித் தொங்கவிடுவதை விட அந்த இடைவெளிதான் அதிக ஒலியை வாங்கிக்கொள்ளும். ஒத்திகை முடிந்து படுத்த பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால் அன்று அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். 85 டெசிபல் ஒலியைக் காது 8 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் 100 டெசிபலில் அந்த அவகாசம் 15 நிமிடம்தான்.

சுருதிச் சண்டையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரும். உச்சிப்புளிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி ஒரு பாட்டுக்குச் சுருதியை அரைக் கட்டை இறக்கினார். அடுத்த பாட்டுக்கு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். தன் கம்பிதான் சுருதி விலகிவிட்டது என்று கிட்டார்க்காரர் பாட்டின் நடுவில் முறுக்காணியைத் திருகினார். தபலாக்காரர் சுத்தியலை எடுத்து விளிம்பைத் தட்டினார். பாடகர் இருவரையும் முறைத்தார். கீபோர்டின் சின்னத் திரையில் ‘மைனஸ் 1’ எரிந்துகொண்டே இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. வீடு திரும்பும் வேனில் மூன்று பேர் பேசிக்கொள்ளவில்லை. பாட்டு வரிசைத் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் கட்டையைப் பெரிதாக எழுதி ஐந்து பேருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

கம்பிக்கு வருகிறேன். உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கத்தான் செய்யும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, கிட்டாரைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டிக்குள் மூடி வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் மாட்டி வைக்காதீர்கள். தபலாவின் தோல் மழைக்காலத்து ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். மேடைக்கு வந்து சற்று நேரம் ஆறிய பிறகு அதைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

பேடு வாசிக்கும் நண்பர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு விடியற்காலையில் கரையேறியவர் மாலையில் எந்த மனத்தோடு தாளம் போடுவார்? பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் போகின்றன. அவர் போகாத நாளைக் கேட்டு ஒத்திகையை அதில் வையுங்கள். காற்று எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காத நாளில் திடீர் ஒத்திகை வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புதுப் பாட்டுகளை அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் பகுதியை வீட்டில் படித்துவிட்டு வருவதாகவும் முடிவு செய்யுங்கள். ஒருவர் பாட்டைக் கற்றுக்கொள்ள நால்வர் காத்திருப்பது ஒத்திகை ஆகாது, அதுதான் மெல்ல மெல்லக் கசப்பாகிறது.

நண்பரிடம் குறையை எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரு கைப்பேசியைப் பத்தடி தள்ளி வைத்து ஒத்திகை முழுவதையும் பதிவு செய்யுங்கள். மறுநாள் ஐந்து பேரும் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்காமல் கேளுங்கள். தாளம் ஓடுவதை ஓட்டியவரே முதலில் கண்டுபிடிப்பார். நான் பார்த்த குழுக்களில் இதற்கு ஈடான வைத்தியம் வேறு இல்லை.

கீபோர்டுக்காரர் கேட்பது நியாயம்தான். கடற்கரை ஊரில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மீன்பாடு முடிந்து வந்தால் செலவு கழித்து, ஆட்களுக்குப் பங்கு போடுவது போலவே படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறோம் அல்லவா? அதேபோல் வேன் வாடகை, கம்பி, ஒயர் செலவை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆறாகப் பிரியுங்கள். ஐந்து ஆட்களுக்கு, ஆறாவது கருவிகளுக்கு. அந்த ஆறாவது பங்கில் கீபோர்டுக்கு எவ்வளவு, ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று அதை வாங்கிய விலையை வைத்துப் பேசுங்கள். பேசிய தொகை என்ன என்பது ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்கும் அன்றே பகலில் பேசி முடியுங்கள். நிகழ்ச்சி முடிந்து, பசியோடு வேனில் ஸ்பீக்கர் ஏற்றும் நடுராத்திரியில் பேச வேண்டாம்.